நூலை வாழ்விப்பவர் யார்?

ஒரு நூலைப் பேரிலக்கியம் ஆக்குவது எது? ஆசிரியரின் புலமையா, அறிஞர் வகுத்த வரிசையா, கற்போரின் உள்ளமா? சமணக் காப்பியங்கள் இரண்டின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

சீவக சிந்தாமணியும் வளையாபதியும் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒருங்கு எண்ணப்படுபவை. சிந்தாமணி 3,000-க்கும் மேற்பட்ட செய்யுட்களுடன் முழுமையாக நம் கையில் உள்ளது. வளையாபதியிலோ எழுபதை ஒட்டிய செய்யுட்களே எஞ்சின. அவையும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்டமையால் பிழைத்தவை. பெருங்காப்பியம் என்னும் பெயர் அந்நூலைக் காக்கவில்லை. படிப்பாரும் படியெடுப்பாரும் அற்ற ஏடு, எத்துணைச் சிறப்புடையதாயினும் செல்லுக்கு இரையாகும்.

சிந்தாமணி பிழைத்தது எங்ஙனம்? அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை கண்டார் என்றும் மரபுவழிச் செய்தி கூறும். பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1880-இல், சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் உ. வே. சாமிநாதையர் அந்நூலைக் கையில் எடுத்தார். சைவ மடத்தில் பயின்ற அப்பெரும்புலவருக்கும் அதன் சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. அவற்றை விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள். அவர்தம் இல்லங்களில் சிந்தாமணி முறையாகப் பாடம் செய்யப்பட்டு வந்தது. வாசித்து முடித்த நாள் திருநாளாகவே கொண்டாடப்பட்டது. 1887-இல் அச்சேறிய பதிப்பு இவ்விரு சாராரின் உழைப்பிற்கும் கடன்பட்டது. மரபினர் பொருளைக் காத்தனர்; புதியவர் வினாவை எழுப்பினார். வினா இன்றேல் மரபு வீட்டினுள் அடங்கியிருக்கும். மரபு இன்றேல் வினா விடையின்றி நிற்கும்.

அங்ஙனமாயின், படிப்போர் இல்லாத நூல் சிறப்பற்றதா? அன்று. இங்கே அநேகாந்த நோக்கு துணை செய்கின்றது. ஒரு நயத்தால் நூலின் சிறப்பு நூலிடத்தே உள்ளது. வளையாபதி அழிந்தமையால் அதன் மேன்மை குன்றவில்லை, இழப்பு நம்முடையதே. மற்றொரு நயத்தால், அச்சிறப்பு பயன் தருவது கற்பவரிடத்திலேயே. விதையின் ஆற்றல் விதையினுடையது. ஆயினும் நிலமின்றி அது முளைப்பதில்லை.

கற்பவர் கடமை நூலைக் காத்தலோடு முடிவதும் அன்று. சிந்தாமணிக்கு மணநூல் என்றும் ஒரு பெயர் உண்டு. சீவகனின் மணங்களோடு நின்றுவிடுபவர் இன்பக் கதையை மட்டுமே கண்டவராவர். முத்தி இலம்பகம் வரை செல்பவரே, திருத்தக்கதேவர் அவ்வின்பங்களை எத்துறவிற்கு ஆயத்தமாக அடுக்கினார் என்பதை உணர்வர். பாதியில் விடுபவர் கையில் அந்நூல் வேறு நூலாகி விடுகின்றது.

கன்னட நாட்டு அத்திமப்பை, 10-ஆம் நூற்றாண்டில், பொன்னரின் சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கினாள். சாத்திர தானத்தின் பெருமைக்கு இஃது என்றும் சான்று. இன்று படிகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிப் பேழைகளில் அழகிய பதிப்புகள் வீற்றிருக்கின்றன. குறைந்தது படிப்பவர் தொகையே. கொடுப்பவரால் தொடங்கும் அத்தானம் கற்பவரால்தான் நிறைவுறும்.

அன்பர்களே, நாளொன்றுக்கு ஐந்து செய்யுள் போதும். ஈராண்டிற்குள் சிந்தாமணி முழுவதும் நம் இல்லத்தில் ஒலித்துவிடும். வளையாபதிக்கு நேர்ந்தது இன்னொரு நூலுக்கு நேராதிருக்க, ஏட்டைத் திறப்போமாக!