மூன்று நிமிடப் படமும் முப்பது ஆண்டும்

1983இல் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த 'மானுஷி' பெண்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் சொஹைலா அப்துலாலி. 17 வயதில் பம்பாயில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதை அவர் தன் பெயரோடும் புகைப்படத்தோடும் எழுதியிருந்தார். அன்றைய இந்தியாவில் அப்படி எழுதத் துணிந்தவர் அநேகமாக வேறு யாரும் இல்லை. பிறகு படிப்பு, வேலை, அமெரிக்காவில் குடும்பம் என்று அவர் வாழ்க்கை நகர்ந்துவிட்டது. 2012 டிசம்பரில் டெல்லி பேருந்துக் கொடுமை நாட்டை உலுக்கியபோது அந்தப் பழைய பக்கம் இணையத்தில் ஏறி, கைக்குக் கை பரவியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர் கேட்காமலே அந்தக் கதை அவர் வாசலுக்குத் திரும்பி வந்தது. 2013 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அவர் அதற்கு நிமிர்ந்து முகம் கொடுத்தார். 2018இல் வன்புணர்வைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அவரால் முடிந்தது. எல்லோராலும் முடியும் என்று நினைத்துக்கொண்டு இன்னொருவரின் கதையைக் கேட்டு வாங்கலாமா?

இந்தக் கேள்வி டிஜிட்டல் கதைசொல்லலை நேராகத் தொடுகிறது. கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட் முதலானோர் 1990களில் உருவாக்கிய முறை அது. அவர்களுடைய நிறுவனம் இன்று 'ஸ்டோரிசென்டர்' என்று அறியப்படுகிறது. சிலர் வட்டமாக உட்காருகிறார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். சொன்னதை அவரே ஒரு பக்க அளவுக்குச் சுருக்கி எழுதுகிறார், தன் குரலில் பதிகிறார், பழைய புகைப்படங்களையோ தான் வரைந்தவற்றையோ அதன்மேல் அடுக்குகிறார். இரண்டு மூன்று நிமிடப் படம் ஒன்று பிறக்கிறது. ஏமி ஹில் 1999இல் தொடங்கிய 'சைலன்ஸ் ஸ்பீக்ஸ்' இந்த முறையை வன்முறையிலிருந்து மீண்டவர்களிடம் எடுத்துச் சென்றது. தென்னாப்பிரிக்காவில் 'சோங்கே ஜெண்டர் ஜஸ்டிஸ்' அமைப்போடு சேர்ந்தும் அது நடந்தது.

இதன் அருமை புரிய, பாதிக்கப்பட்ட பெண் வழக்கமாகத் தன் கதையை எங்கே சொல்ல நேர்கிறது என்று பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில், மருத்துவரிடம், பிறகு கூண்டில் ஏறி. எத்தனை மணி, என்ன உடை, ஏன் கத்தவில்லை என்று கேள்விகளின் வரிசையை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். பதில் மட்டுமே அவளுடையது. தானே வெட்டி ஒட்டும் படத்திலோ எங்கே தொடங்குவது என்பதே அவள் முடிவு. அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் மறுநாள் காலை அம்மா போட்டுக் கொடுத்த காபியிலிருந்து தொடங்கலாம். முகத்துக்குப் பதிலாக ஒரு ஜன்னலைக் காட்டலாம். எதை விடுவது என்ற உரிமை கைக்கு வரும்போதுதான் நடந்தது அவளுடைய கதையாகிறது.

ஆனால் மிரட்டலுக்கும் கருவி அதே படம்தான். பொள்ளாச்சியில் பெண்களை வன்கொடுமை செய்த ஒரு கும்பல் கைப்பேசிப் படங்களை வைத்தே அவர்களை மிரட்டி வாய் திறக்காமல் செய்தது. 2019இல் ஒருவர் துணிந்து புகார் கொடுத்தபோது காவல்துறை அதிகாரியே அவர் பெயரை வெளியே சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அடையாளத்தை வெளியிட்டதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஒருமுறை வெளியே போன பெயரை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப அழைத்துவர முடியாது.

மறைப்பதே வெட்கத்தை வளர்க்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. 2012இல் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் வன்கொடுமைக்கு ஆளான சுசெட் ஜோர்டன் ஓராண்டுக்கு மேல் பெயரில்லாதவராகவே இருந்தார். 2013 ஜூனில், வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை என்ற உறுதியோடு முகத்தைக் காட்டினார். அந்தத் துணிவு பல பெண்களுக்குத் தெம்பு தந்தது. ஆனால் அது அவரே நாள் குறித்து எடுத்த முடிவு. எந்த அமைப்பும் அவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கவில்லை.

சட்டமும் இதே இடத்தில் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதித்தால் விலக்குத் தருகிறது. அந்த ஒரு தாளோடு பொறுப்பு தீர்ந்தது என்று தொண்டு நிறுவனம் எண்ணினால், அங்கேதான் பிழை தொடங்குகிறது. படம் எடுக்கும் பட்டறையில் நான்கு நாள் அன்பாகக் கவனித்துக்கொண்டவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நிதி கொடுத்தவர் எத்தனை படம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கும்போது, அந்த நன்றியுணர்வே சுமையாகிவிடும். இன்று சரி என்ற பெண்ணுக்கு நாளை திருமணம் ஆகலாம், வேலை மாறலாம், விவரம் அறியும் வயதில் பிள்ளை நிற்கலாம்.

ஆகவே படம் எடுப்பதும் அதைக் காட்டுவதும் வேறு வேறு காரியங்களாக இருக்க வேண்டும். முதலாவது அந்தப் பெண்ணுக்கான உதவி; இரண்டாவது அவள் ஊருக்குச் செய்யும் உதவி. முன்னதைப் பெற்றதற்காகப் பின்னதைச் செய்ய அவள் கடன்படவில்லை. 'ஸ்டோரிசென்டர்' தன் பட்டறைகளுக்கு வகுத்த கதைசொல்லி உரிமைகள், எதற்காக இந்தப் பட்டறை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வதும் சேருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அவர் உரிமை என்கின்றன. நல்ல தொடக்கம் அது. நாள் கடந்தும் திரும்பத் திரும்பக் கேட்பது, வேண்டாம் என்றால் தாமதமின்றி எடுத்துவிடுவது, இணையத்தில் ஏறிய பிறகு முழுமையாக அழிக்க முடியாது என்ற உண்மையை முன்கூட்டியே மறைக்காமல் சொல்வது ஆகியவையும் அதனோடு சேர வேண்டும்.

பட்டறையின் கடைசி மாலையில் படங்களை அந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுவார்கள். விளக்கு அணைகிறது, கூட உட்கார்ந்து கேட்டவர்கள் இப்போது பார்க்கிறார்கள். பிறகு ஒருத்தி தன் படம் உள்ள பென் டிரைவை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். அதை வேறு யாருமே பார்க்கப் போவதில்லை என்றாலும் அந்தப் பட்டறை வீணாகப் போனதாகக் கணக்கில் எழுதக் கூடாது.