இறைபணி நின்றார்க்கு எய்தும் இடுக்கண்

சிவமயம்



தீமை செய்தான் ஒருவன் துன்புறுங்கால் உலகத்தார் வியப்பதில்லை. அவன் வினை அவனை அடுத்தது என்று கூறி அமைவர். நன்மை செய்தான் ஒருவன் அந்நன்மை காரணமாகவே துன்புறுங்கால் அவர் உள்ளம் கலங்குகின்றது. அறத்தின் வழுவாதானுக்கு இதுவோ பயன், இறைவன் கண்டும் வாளா இருப்பனோ என்று வினவத் தொடங்குகின்றனர். இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. திருக்கோயிற் பொருளுக்குப் பொய்க்கணக்கு எழுத உடன்படாமையால் தம் அலுவலை இழந்தாரும், உண்மைச் சான்று கூறியதனாற் சுற்றத்தாரால் வெறுக்கப்பட்டாரும் நம்மிடையே உளர். அவர் துயிலின்றித் தனித்திருக்கும் இரவில் இவ்வினா அவர் நெஞ்சை அறுக்கும். அவர்க்கு நம் சித்தாந்தம் பகரும் விடை யாது என்பதனை, மூர்த்தி நாயனார் சரிதத்தைத் துணைக்கொண்டு சிறிது ஆராய்வாம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் போற்றிய அடியார்களுள் மூர்த்தியார் ஒருவர். சேக்கிழார் பெருமான் மும்மையால் உலகாண்ட சருக்கத்தில் அவர் சரிதத்தை விரித்தருளினார். மதுரையம்பதியில் வணிகர் குலத்திற் றோன்றிய அவர், திருவாலவாய்ப் பெருமானுக்கு நாடோறும் சந்தனக்காப்பு அளித்தலையே தம் திருப்பணியாகக் கொண்டிருந்தார். அந்நாளில் வடுகக் கருநாடர் மன்னன் ஒருவன் பெரும்படையொடு வந்து பாண்டியனை வென்று மதுரையைக் கைக்கொண்டான். சமண் சமயம் சார்ந்த அவன் சிவனடியார்க்கு இடர் பல விளைத்தான். நாயனார் சந்தனம் பெறும் வாயில்களையும் அடைத்தான். ஒருநாட் பகல் முழுதும் தேடியும் அவர்க்குச் சந்தனக்கட்டை கிட்டிற்றிலது. வருத்தத்தொடு திருக்கோயிலை அடைந்த நாயனார், சந்தனம் இல்லையாயினும் அதனைத் தேய்க்கும் கை உளதன்றோ எனத் துணிந்து, கல்லின்மேல் முழங்கையை வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். தோல் உரிந்தது, தசை தேய்ந்தது, நரம்பும் என்பும் கரைந்தன. தேய்த்தல் நின்றிலது.

இனி, இத்துன்பத்தைச் சித்தாந்த நெறி நின்று நோக்குவாம். வினை, சஞ்சிதம் பிராரத்தம் ஆகாமியம் என மூவகைப்படும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிய தொகுதி சஞ்சிதம். அதனின்று இப்பிறப்பில் நுகர்ச்சிக்கு வருவது பிராரத்தம். அதனை நுகருங்காற் புதிதாக ஏறுவது ஆகாமியம். பிராரத்தம் நம்மை வந்தடையும் வழியும் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாம். பிறவுயிர் வாயிலாக வரும் துன்பம் ஆதியான்மிகத்தின்பாற்படும். கருநாட மன்னன் இழைத்த இடுக்கண் அத்தகையது. வந்ததனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும். ஆயினும், நுகரும்பொழுது யான் எனது என்னும் முனைப்பு எழுமாயின், விருப்பு வெறுப்புகள் கிளைத்து ஆகாமியம் விளையும். துன்பம் பகைவன் கையினின்று வரலாம். ஆகாமியத்தை நம்முள் விதைக்கவல்லார் நம்மையன்றிப் பிறரிலர். ஆகலின் அறவோன் அஞ்சத்தக்கது துன்பமன்று. அத்துன்பத்தினிடையே தான் விதைக்கும் வித்தேயாம்.

அவ்வித்து மூன்று வடிவில் வரும். இடர் செய்தான்மேற் கொள்ளும் சினம் ஒன்று. இத்துணைநாள் உனக்குப் பணி செய்தேனே, எனக்கு ஏன் இது என்று இறைவனொடு வழக்கிடுதல் மற்றொன்று. இத்துணைத் துன்பத்தையும் தாங்கினேன் என்று தன்னையே வியத்தல் மூன்றாவது. இவற்றுள் இறுதியதே கொடிது, என்னை? அது பத்தியின் கோலம் பூண்டு வருதலின் என்க.

நாயனார்பால் இம்மூன்றும் காணப்பட்டில. மன்னனைச் சபித்திலர், வணிகர் குலத்திற் பிறந்தும் இறைவனொடு வணிகம் செய்திலர், கை தேய்ந்ததனைத் தவமென எண்ணினாருமல்லர். அன்றைய சந்தனக்காப்பு முட்டுப்படலாகாது என்பதொன்றே அவர் கருத்து. நேற்றுச் செய்த அதே பணியை இன்றும் செய்தார். மாறியது கல்லின்மேல் வைத்த பொருள் மாத்திரமே. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் என்பது இதுவே.

அற்றேல், துன்பமெல்லாம் பிராரத்தமாயின் இடர் செய்தானுக்குக் குற்றமில்லையோ எனின், உண்டு. அவன் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை துன்புறுவோன் தன் நெஞ்சிற்கு இட்டுக்கொள்ளும் மருந்து; துன்புறுத்துவோன் பிடிக்கும் கேடயமன்று. அருகிருந்து காண்போர், அஃது அவன் வினை என்று கூறிக் கைகட்டி நிற்பதற்கு உரிய சாக்குமன்று. பிறர் துயரைக் கண்டவழி அதனைத் துடைத்தலே நமக்குரிய பணியாம்.

இதனை இறைவன் திருவாக்கானும் உணரலாம். நாயனார் கை தேய்ந்தபொழுது விண்ணில் எழுந்த திருவருள் வாக்கு, இச்செயலை ஒழிக என்று முதற்கண் தடுத்தது. அடியவன் நோவில் ஆண்டவனுக்கு விருப்பமில்லை. துன்பத்தைத் தேடிச் சேறல் பத்தியன்று. துன்பம் வந்தவிடத்தும் பணியை விடாமையே பத்தி. மேலும், நாட்டை நீயே கைக்கொண்டு, நேர்ந்த கொடுமைகளை நீக்கி, உன் பணியையும் செய்க என்று அவ்வாக்குப் பணித்தது. கொடுமை நிலைபெறுதலை இறைவன் உவந்திலன் என்பது இதனாற் போதரும். அன்றிரவே மன்னன் மாண்டான். கண் கட்டி விடப்பட்ட யானை நாயனாரை எடுத்துத் தன்மேல் வைத்தது. சைவம் ஓங்குமாயின் ஆள்வேன் என்று இசைந்த அவர், திருநீற்றை அபிடேகமாகவும், கண்டிகையை அணியாகவும், சடையை முடியாகவும் கொண்டு உலகு புரந்தார். அரசு அவர்க்குக் கூலியாக வந்ததன்று. மற்றுமொரு திருப்பணியாகவே வந்தது.

இடுக்கண் உற்ற அன்பர் சிலர், எமக்குத் தேய்ந்த கை வளர்ந்திலதே என்று கூறலாம். அவர் திருநாவுக்கரசு சுவாமிகளையும் மூர்த்தியாரையும் ஒருங்கு நினைப்பாராக. சைவம் சார்ந்த காரணத்தாற் பல்லவன் ஏவலின்படி 7 நாள் நீற்றறையில் அடைக்கப்பட்ட அரசர்க்கு அவ்வறை குளிர்ந்தது. மூர்த்தியார்க்கோ கல் மென்மையாயிற்றிலது; கை தேயவே தேய்ந்தது. அரசர்க்கு அருள் மிகுந்தது, மூர்த்தியார்க்குக் குறைந்தது என்று கூறுவார் உளரோ? நோவு வாராமை அருளுக்கு அடையாளமன்று. நோவு வருதல் அருளின்மைக்கு அடையாளமுமன்று. இருவரிடத்தும் ஒத்து விளங்கியது ஒன்றே. அஃது இறைவனை விடாத நெஞ்சு. அந்நெஞ்சு தானே அருளின் பேறு. ஏனையவெல்லாம் அவன் விரும்பியபொழுது விரும்பியவாறு தருவன.

ஆகலின் அன்பர்களே, அறத்தின்பொருட்டு இடுக்கண் எய்தியபொழுது, ஏன் வந்தது என்று வினவி இளைத்தலினும், இன்று யான் செய்யற்பாலதாய பணி யாது என்று வினவுதல் நன்று. மறுநாட் காலையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, நாடோறும் செய்யும் பூசையைச் செய்க. அலுவல் போயினும் பொய்யெழுதாத கை உளது. சுற்றம் நீங்கினும் ஐந்தெழுத்தோதும் நா உளது. ஆடித் திங்கட் கார்த்திகையில் நாயனார் குருபூசை நிகழுங்கால், ஒரு சந்தனக்கட்டையேனும் அவர் நினைவாகத் திருக்கோயிலுக்கு அளித்து, எம் பணியும் முட்டாதிருக்க அருளுக என வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.