பாட்டி இருக்கும் வரி

பீடோர் ஒட்டுக்கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சித்தி மகன் கேட்டான். "அண்ணே, முதலீட்டு வங்கி வேலைக்குப் பயிற்சி தர்றாங்க. அம்மா சேமநிதியிலேர்ந்து எடுத்துத் தர்றேங்கிறாங்க. கட்டலாமா?"

வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கணக்கு, அதை எக்செல்லில் அடுக்குவது, நேர்காணலில் திணறாமல் பேசுவது. முதல் இரண்டும் யூடியூப்பிலேயே கிடைக்கும். காசு மூன்றாவதுக்குத்தான். அதை நான் கேலி செய்யமாட்டேன். அந்தப் பேச்சை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகளோடுதானே லயத்து வீட்டுப் பேரன் மோதணும்?

என் தயக்கம் வேறு. 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை. நான்கு மணி நேரத்துக்குள் மலேசியாவின் பி.என்.பி., கத்ரி தோட்ட நிறுவனத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. யோசனை சொன்னது ரோத்ஸ்சைல்ட் என்ற முதலீட்டு வங்கி. வெள்ளைக்கார முதலாளியிடமிருந்து நிலம் மீண்டது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். இங்கே அப்போது பிற்பகல். பால்மரம் வெட்டியவர்கள் வேலை முடித்துத் திரும்பியிருப்பார்கள். அவர்களைக் கேட்டிருக்கவும் முடியாது, ரகசியம்தான் அந்தத் திட்டத்துக்கு உயிர்.

தம்பி கட்டப்போகும் தாளிலும் 'தொழிலாளர் செலவு' என்று ஒரு வரி வரும். குறைத்தால் நிறுவனத்தின் மதிப்பு ஏறும். பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டி அந்த வரியில்தான் இருந்தார். எவ்வளவு குறைக்கலாம் என்று பயிற்சி சொல்லித்தரும். யாரைக் குறைக்கிறோம் என்பது பாடத்தில் இருக்குமா?

"அப்போ கட்டலாமா, வேணாமாண்ணே?"

சேமநிதியைத் தொடாதே, சும்மா கிடைக்கிறதை முதல்ல படி என்றேன். அவன் முகம் தெளியவில்லை.