தாழம்பூவின் சாட்சி

கார்த்திகை தீபத்தன்று மாலை பெரிய கோயிலின் கொடிமரத்துக்கு முன்னால் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிறார். வருகிறார் என்பதைவிட ஆடி வருகிறார் என்பதே சரி. தூக்கி வருகிறவர்களின் தோளும் காலும்தான் ஆடுகின்றன. ஆடுவது தெய்வம் என்று பார்ப்பவர்கள் கொள்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள், அதிலும் ஓரிரு நிமிஷங்கள். உள்ளே திரும்பிவிட்டால் பிறகு அடுத்த கார்த்திகைதான். அந்த வேளையில் மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. தீபம் 11 நாள் எரியும்.

அடி அண்ணாமலை மலைக்கு மறுபக்கம் இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ஊரையும் பெரிய கோயிலையும் மலை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிற இடம் இது. இங்கே நிற்பவனுக்கு ஆட்டம் கிடையாது, தீபம் உண்டு. தீபம் தெரிந்தால் ஆட்டம் நடந்தாயிற்று என்று அறிந்துகொள்ள வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் அறிந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது கைபேசி வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபத்தன்று இங்கே நின்றபடி அந்த ஆட்டத்தை நேரடி ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைமேல் சுடர் எழுந்தது. சுற்றிலும் அரோகரா. ஆனால் என் கையிலிருந்த திரையில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. படம் சுற்றி வந்து சேரும் தாமதம். பக்கத்தில் நின்ற கிழவி கேட்டாள்: "சாமி உள்ள போயிடுச்சா தம்பி?" "இன்னும் இல்ல பாட்டி" என்று திரையைக் காட்டினேன். ஒரு தரம் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

நான் சொன்னது பொய் என்பது சற்றுப் பின்னால்தான் உறைத்தது. சாமி உள்ளே போய்விட்டிருந்தது. கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன், ஆனாலும் பொய். ஆட்டத்தைப் படத்தில் பார்ப்பவன் எதைப் பார்க்கிறான், பார்த்ததாக எதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இதை யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உதயசங்கரின் 'கல்பனா'. ஹிந்திப் படம்தான், ஆனால் எடுக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு கே. ராம்நாத். இசை விஷ்ணுதாஸ் ஷிராலி. 1948இல் வெளிவந்தது. நடனம் அமைப்பவர் ஒருவர் தாமே இயக்கி, தாமே நடித்து, தம் ஆட்டங்களைக் காமிராவுக்குக் கொடுத்த படம். அவர் இயக்கியது அது ஒன்றுதான். அதன் சட்டகமே ஒரு தோல்வியின் கதை: எழுத்தாளன் ஒருவன் தன் திரைக்கதையைத் தயாரிப்பாளரிடம் சொல்கிறான், தயாரிப்பாளருக்கு அது வேண்டாம். நடுவில் நாம் பார்க்கும் ஆட்டங்களெல்லாம் நிராகரிக்கப்பட்ட ஒரு கதைக்குள் நிகழ்பவை. வெளியே நடந்ததும் ஏறக்குறைய அதுவே, படம் ஓடவில்லை. மீட்டெடுக்கப்பட்ட பிரதி 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. நான் பார்த்தது அந்தப் பிரதியை, அதுவும் வீட்டில், சிறிய திரையில்.

அதிலுள்ள ஆட்டங்களில் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று உழைப்பும் இயந்திரமும் பற்றியது. அதே பொருளில் உதயசங்கர் முன்பே மேடையில் ஆடிக்காட்டியிருந்தார். உடல்கள் சக்கரமாகவும் தண்டாகவும் மாறுகின்றன. மனிதன் ஓட்டும் இயந்திரம் மனிதனை ஓட்டத் தொடங்குகிறது. மற்றது, அவரும் அமலாவும் ஆடும் சிவ பார்வதி நடனம்.

சினிமா என்ற அளவில் முதலாவதுதான் உயர்ந்தது. மேடையில் ஒருவன் சக்கரமாக எவ்வளவு திறமையோடு ஆடினாலும், சக்கரமாக நடிக்கிற மனிதனைத்தான் நாம் பார்க்கிறோம். அவன் முகம் அவன் கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. காமிரா கையை முகத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறது. வெட்டிய கை தண்டாகிவிடுகிறது. உதயசங்கர் மேடையில் சொல்ல நினைத்ததைக் காமிரா முடித்து வைக்கிறது. ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இயந்திரம் தொழிலாளிக்குச் செய்வதாக அந்த ஆட்டம் குற்றம் சாட்டுவதையே காமிரா ஆடுகிறவனுக்குச் செய்கிறது. அவன் கையை எடுத்துக்கொள்கிறது, அவன் தாளத்தை வெட்டி ஒட்டித் தன் தாளமாக்கிக்கொள்கிறது. இயந்திரத்தைப் பழிக்கும் ஆட்டத்தை இயந்திரமே அழகாக்கித் தருகிறது. உதயசங்கருக்கு இது தெரிந்திருந்ததா என்பதல்ல பிரச்சினை. படத்தில் இருப்பது ஆட்டத்தின் பதிவு அல்ல, ஆட்டத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்ட வேறொன்று. எந்த அரங்கில், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதை அப்படிப் பார்த்திருக்க முடியாது. அந்த வகையில் அது நாணயமானது. வேறொரு இடத்தில் நடந்ததை நமக்குக் காட்டுவதாக அது பாவனை செய்யவில்லை.

சிவ பார்வதி நடனம் சினிமாவாக எனக்கு அலுப்புத் தருகிறது. விளக்குகளும் நிழல்களும் பெரிய தளமும் தெய்வத்துக்கு ஸ்டூடியோவின் ஆடம்பரத்தைப் பூசிவிடுகின்றன. மேடையில் ஆடுகிறவனின் பார்வை யாரோ ஒருவர்மேல் போய் விழும். இங்கே அது விழ இடமில்லாமல் காமிராவைத் தாண்டிப் போகிறது. ஆனாலும் தோளில் புறப்பட்டு விரல் நுனிவரை ஓடும் அந்த அலை இருக்கிறதே, அது அவருடையது, வேறெவருடையதும் அல்ல. லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போய், 1923இல் அன்னா பாவ்லோவாவோடு கிருஷ்ணனாக ஆடியவர் அவர். எந்த ஒரு சம்பிரதாயத்திலும் சிறு வயது முதல் பழகியவரல்ல. ஆகவே அவர் ஆட்டத்துக்கு அவர் உடலே பரம்பரை. 1977இல் அந்த உடல் மறைந்தபோது பரம்பரையும் பெரும்பகுதி மறைந்தது. இயந்திர நடனத்தை இன்னொரு குழு நாளை ஆடிவிடலாம். இதை ஆட முடியாது. சினிமாவாகத் தாழ்ந்தது சாட்சியாக உயர்ந்து நிற்கிறது.

இந்த வித்தியாசத்தைத்தான் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஆட்டத்தை மூலப்பொருளாக எடுத்துப் படமாகும் படம் ஒன்று. ஆட்டத்துக்குச் சாட்சி சொல்லவரும் படம் வேறு. இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றல்ல. முன்னதிடம் 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கலாம். பின்னதிடம் 'என்ன கண்டாய், எங்கே நின்று கண்டாய்?' என்றுதான் கேட்க வேண்டும்.

சாட்சிப் படத்துக்கு நம்மிடம் உள்ள உதாரணம் சத்யஜித் ராயின் 'பாலா'. பாலசரஸ்வதிக்கும் உதயசங்கருக்கும் ஒரு கண்ணி உண்டு. பாலாவின் குரு கந்தப்ப பிள்ளை, உதயசங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் இரு படங்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ராய் சிறுவனாக 1935இல் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர். படம் எடுத்தது 1976இல். அப்போது பாலாவுக்கு வயது 58. படம் அரை மணிக்குச் சற்று அதிகம். இதிலும் எதிரெதிரான இரண்டு ஆட்டங்கள். கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'. பிறகு உள்ளரங்கில் ஒரு பதவர்ணம். கடற்கரையில் காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. அபிநயத்தின் நுணுக்கத்தைக் காற்று கெடுத்துவிட்டது என்று குறை சொல்பவர்களை நான் அறிவேன். குறை நியாயமானதுதான். ஆனால் அந்தப் படத்தில் யாரும் அமைக்காத, யாரும் ஒத்திகை பார்க்காத ஒரே பொருள் அந்தக் காற்று. 'நான் இங்கே, இந்த வெளியில், இந்த நாளில் நின்றேன்' என்று காமிரா தன்னையறியாமல் கையெழுத்திட்ட இடம் அது. வர்ணத்தில் காமிரா பெரும்பாலும் அடங்கி நிற்கிறது. ஐம்பத்தெட்டு வயது உடலின் கனத்தை அது மறைப்பதில்லை. முப்பது வயது பாலா எப்படி ஆடினார் என்று அது சொல்வதில்லை. சொல்ல அதற்கு உரிமையுமில்லை.

ஆட்டம் அழியத்தான் வேண்டும், அழிவதே அதன் கற்பு என்று ஒரு கட்சி உண்டு. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன். இன்று அதைச் சந்தேகிக்கிறேன். அது கையில் டிக்கெட் வைத்திருந்தவனின் தத்துவம். முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன், 'நான் பார்த்தேன், இனி யாருக்கும் கிடையாது' என்பதைத் தத்துவமாகச் சொல்லிக்கொள்கிறான். நம் பத்திரிகைகளின் நடன விமர்சனத்தில் பாதி இந்தப் பெருமைதான். மேலும், பாலா பிறந்த பரம்பரையின் பெண்களிடமிருந்து சதிர் எப்படிப் பெயர்ந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டதில் நியாயம் இருந்தது. அதற்காகப் போராடியவர்களில் அந்தச் சமூகத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆனால் அந்த வருஷங்களில் அவர்கள் கையிலிருந்த ஆட்டம் சுத்தப்படுத்தப்பட்டு, வேறு பெயரோடு, வேறு வீடுகளுக்குப் போயிற்று. எது ஆபாசம், எது சிருங்காரம் என்று தீர்ப்பு எழுதியவர்கள் எழுத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். ஆடியவர்கள் தரப்பில் சாட்சி அவர்கள் உடல்தான். உடல் அழிந்தால் வழக்கு ஒருதலையாக முடிந்துவிடும். இந்த இடத்தில் அழிவின் அழகைப் பற்றிப் பேசுவது வெறும் ரசனைக் குறைபாடு அல்ல, அநீதி. பாலாவின் வர்ணம் படச்சுருளில் இருப்பது எனக்கு ஒரு கலையனுபவம் மட்டுமல்ல. சிருங்காரம் என்பது அவர் உடலில் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு வாக்குமூலம்.

அப்படியானால் படம் பார்த்தவன் ஆட்டத்தைப் பார்த்தவன் ஆகிறானா? இந்த ஊரின் பழங்கதை அதற்குப் பதில் வைத்திருக்கிறது. அடி தேடிப் போனவனும் முடி தேடிப் போனவனும் காணவில்லை. காணாததற்காக இருவரில் எவரும் தண்டிக்கப்படவில்லை. திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமன் கண்டதாகச் சொன்னான். அதற்குத் தாழம்பூவைச் சாட்சியாக அழைத்துவந்தான். சிறு வயது முதல் கேட்ட கதைதான். ஆனால் ஒன்றை நான் கவனித்ததில்லை. தாழம்பூ உண்மையிலேயே முடியில் இருந்தது, அங்கிருந்துதான் விழுந்துகொண்டிருந்தது. 'நான் அங்கிருந்து வருகிறேன்' என்று அது சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய உண்மை கிடையாது. 'இவன் கண்டான்' என்று சொன்னதுதான் குற்றம். அதையும் சொல்லவைத்தவன் பிரமன்.

படம் ஆட்டத்திலிருந்து விழுந்த பூ. அதைக் கையில் வைத்துக்கொண்டு அது வந்த உயரத்தை யோசிக்கலாம், அதன் வாடலிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். 'பாலாவைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்லத் தொடங்கும்போதுதான் நாம் பிரமனாகிறோம். நான் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. உதயசங்கரையும் பார்த்ததில்லை. இதை எழுதிவைத்துக்கொள்வது எனக்கு அவசியமாக இருக்கிறது. ஏனென்றால் இன்று எவனும் எதையும் பார்க்காமல் இல்லை. எல்லா ஆட்டமும் எல்லோர் கையிலும் இருக்கிறது. காணவில்லை என்று சொல்லும் பழக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம் நிற்பது குறையல்ல. இங்கிருந்து தெரியும் மலையும் மலைதான். பெரிய கோயில் வாசலிலிருந்து பார்ப்பவனுக்கு இந்த உருவம் கிடைக்காது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுவதுதான் குறை. அந்தக் கிழவி மறக்கவில்லை. திரையில் ஆடிக்கொண்டிருந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டு, தனக்கு உரியதைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவள் கேட்டது ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அல்ல, அங்கே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "எனக்கும் தெரியல பாட்டி, தீபம் ஏத்திட்டாங்க."