கருவியும் கானமும்

இசையன்பர் என்று சொல்லப்படுவோருள் இரு வகையினர் உளர். பாட்டைக் கேட்பதற்காகக் கருவியை நாடுவோர் ஒரு வகை. கருவியைக் கேட்பதற்காகப் பாட்டை நாடுவோர் மற்றொரு வகை. ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைப்பது, எந்தக் கம்பியால் இணைப்பது என்று மாலைப்பொழுது முழுவதையும் அளந்தே கழித்துவிட்டு, பாட்டுத் தொடங்கும் வேளையில் கொட்டாவி விடுவோரைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் நகைப்பு விடையாகாது. அவர்கள் நேசிப்பது இசையையா, இசைக்கும் பொறியையா என்னும் வினா, ஆழ்ந்து நோக்கின், நம் வாழ்வையே தொடும் வினாவாகும்.

முதற்கண் கருவியின் பக்கம் உள்ள நியாயத்தைக் கூறுவோம். கருவியைப் பேணுதல் கலைக்குப் புறம்பானதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், மாதவி ஆடத் தொடங்குமுன், யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் ஆகியோரின் தகுதிகளை விரித்துரைக்கிறார். ஆடரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல் என்று அளவும் தருகிறார். கச்சேரிக்கு முன் தம்பூராவைச் சுருதி சேர்ப்பதில் காலம் செலவிடும் வித்துவானை, இசையைவிடத் தந்தியையே நேசிப்பவர் என்று எவரும் குறைகூறுவதில்லை.

ஒலிப்பதிவின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது ஒலிவாங்கி கிடையாது. புனல்போன்ற குழாயினுள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடங்களே ஓடும். ஆலாபனையும் கீர்த்தனையும் அச்சிறு வட்டத்துள் ஒடுங்க நேர்ந்தது. 1925இல் மின்முறைப் பதிவு வந்தது. 1948இல் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தது. இராகம் மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்னும் தெளிவான ஒலி வேண்டும் என்று அலைந்தவர்களின் பிடிவாதத்திற்கு இதில் பங்குண்டு. 1956இல் மறைந்த டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றும் நாம் கேட்டு உருக முடிகிறதென்றால், பழந்தட்டுகளைத் தூசு படாமல் காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். 1950களின் பிற்பகுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டு மேலைநாடுகளில் அறிமுகமானபோது, ரயில் வண்டி ஓடும் ஓசையைப் பதித்த தட்டுகளும் விற்பனையாயின. அறையின் இடப்புறம் புகுந்து வலப்புறம் மறையும் வண்டியைக் கேட்டு மக்கள் வியந்தனர். அங்கே பாட்டும் இல்லை, பாடுவாரும் இல்லை. பொறி தன்னைத்தானே பாடிக்கொண்டது. இயற்கையும் இங்கு ஒரு வேடிக்கை செய்கிறது. மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணர வல்லது என்பர். வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகளை உணரும் திறன் குறைகிறது. விலையுயர்ந்த கருவியை வாங்கப் பணம் சேரும் பருவத்தில், அதன் நுட்பத்தை முழுதும் நுகரும் செவி நம்மிடம் இருப்பதில்லை!

அவ்வாறாயின் இருவரையும் பிரித்தறியும் உரைகல் யாது? செலவிட்ட தொகை அன்று; பாட்டு முடிந்தபின் மனம் எங்கே நிற்கிறது என்பதே. சரணத்தில் நின்றால் அவர் இசையன்பர். பெட்டியில் நின்றால் கருவியன்பர். தேநீர்க் கடையின் கரகரத்த வானொலியில் தமக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கும்போது அவர் கால்கள் நிற்கின்றனவா? தம் குழந்தை அக்கருவியை அணுகும்போது அருகில் அமர்த்திக்கொள்கிறாரா, “தொடாதே” என்று விரட்டுகிறாரா? இவ்விரு வினாக்களே போதும்.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் நம்மைப் போன்றோர் இவ்வுண்மையை நன்கு அறிவோம். கோப்பு ஒழுங்காக இருத்தல் வேண்டும்; ஐயமில்லை. ஆனால் குறிப்புரை செம்மையாக அமைந்து, மனுச் செய்த முதியவரின் ஓய்வூதியம் மட்டும் அமையாவிடில், அக்கோப்பு ரயிலோசைத் தட்டுக்கு ஒப்பானதே. கருவி சிறுகச் சிறுக நோக்கத்தின் இருக்கையில் அமர்ந்துகொள்ளும். அது அமர்ந்ததை நாம் உணர்வதில்லை என்பதே இதன் தீமை.

தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கிடையே தமிழ்ப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. இன்று கைபேசியில் இசைக்கடலே அடங்கிக் கிடக்கிறது, இரைச்சல் இல்லை. ஆனால் வீட்டார் நால்வர் ஒருங்கே அமர்ந்து, பாட்டின் சொல்லுக்குப் பொருள் கேட்டுச் சொல்லும் மாலைகள் எத்தனை? பாட்டியின் தாலாட்டுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. நடுங்கும் அக்குரலில்தான் தமிழ் முதன்முதலாக நம் செவியில் நுழைந்தது.

ஆதலின் நல்ல கருவி வாங்குவோரைப் பழித்தல் வேண்டா. வாங்குக, தூசு துடைத்துப் பேணுக. அதன்பின் அதனை மறந்துவிடுக. கண்ணாடி அணிந்தவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதன் வழியே உலகைப் பார்க்கிறான். நம் வீட்டுக் கருவியின் வழியே நம் மக்களுக்குப் பாட்டும், பாட்டின் வழியே மொழியும் போய்ச் சேருமாயின், கொடுத்த விலை வீணாகாது.