பீடமிழந்த சிலைகள்

வீழ்ந்த ஆட்சியின் சிலைகளைப் பொதுப் பூங்காக்களில் வைத்திருத்தல் அறமா, அகற்றுதல் அறமா என்னும் வினா கலையைப் பற்றியதாகத் தோன்றினும் உண்மையில் நீதியைப் பற்றியதேயாகும். அரும்பொருளகத்துச் சிலையை விரும்பியவரே சென்று காண்பர். பொதுவெளியில் உயர்ந்து நிற்கும் சிலையோ வழிச்செல்வோர் அனைவரையும் அண்ணாந்து நோக்கச் செய்கின்றது. வரலாற்றைக் கூறுவதோடு அஃது அமைவதில்லை, வணக்கத்தையும் கோருகின்றது.

சிலை வரலாற்றுச் சான்றாகலின் அதனைத் தொடலாகாது என்பர் ஒருசாரார். அடக்குமுறையின் சின்னமாகலின் உடைத்தெறிதல் வேண்டும் என்பர் மறுசாரார். 1956ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள், புடாபெஸ்ற் நகரப் பூங்காவின் ஓரத்தே நின்ற ஸ்ராலின் சிலையை மக்கள் வீழ்த்தினர். பீடத்தில் காலணிகளே எஞ்சின. அடக்கப்பட்டோரின் அச்செயலைப் பழித்தல் எளிதன்று. ஆயினும் அதே நகரில், ஆட்சி மாறிய பின்னர், பொதுவுடைமைக் காலச் சிலைகள் பல உடைக்கப்படாது, 1993இல் திறக்கப்பட்ட மெமென்ரோ பூங்காவிற் சேர்க்கப்பட்டன.

டில்லியிலும் இத்தகைய முடிவே மேற்கொள்ளப்பட்டது. இந்திய வாயிலருகே கல் விதானத்தின் கீழ் நின்ற ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சிலை 1960களில் அகற்றப்பட்டு, முடிசூட்டுப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1911 டிசம்பர் 12இல் தர்பார் கூட்டித் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அம்மன்னர் அறிவித்த இடம் அதுவே. ஆணை பிறப்பித்த இடத்திலேயே இன்று அவருருவம் ஆணையின்றி நிற்கின்றது.

இடமாற்றம் சிலைக்குரிய வணக்கத்தை நீக்கிச் சான்றினைப் பேணுகின்றது. இதுவே அதன் சிறப்பு. ஆயின் ஓர் ஐயம் எழுதல் கூடும். விளக்கமும் பராமரிப்பும் இன்றி ஒதுக்குப்புறத்தே விடப்படும் சிலை சான்றாகுமா? ஆகாது. பேசாத சான்று மறதிக்கே துணைபோகும். எனவே சிலையை இடம்பெயர்ப்பதோடு கடமை முடிவதில்லை. அதனை எழுப்பியவர் யார், அதன் நிழலில் வாடியவர் யார் என்பதைக் காண்போருக்கு உரைத்தலும் அக்கடமையின் பாற்படும்.

வெறுமையாய்க் கிடந்த அவ்விதானத்தின் கீழ் 2022 செப்டெம்பரில் சுபாஷ் சந்திரபோசின் சிலை நிறுவப்பட்டது. அந்நிய மன்னர் நின்ற இடத்தில் விடுதலை வீரர் நிற்றல் பொருத்தமே. எனினும் பழைய சிலையிடம் வினவியதைப் புதிய சிலையிடமும் வினவும் உரிமை வருந்தலைமுறைக்கு உண்டு. அவ்வினாவுக்கு அஞ்சாத சமுதாயமே தன் பூங்காக்களில் நேர்மையுடன் சிலை நாட்டத் தகுதியுடையதாகும்.