யாருடைய வாக்கை நம்பி?

விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்தது. எக்ஸ்பி வெளிவந்து ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கணினி வாங்குகிறவர்களின் கண்ணில் கண்ணாடி போன்ற ஜன்னல்களும் புது நிறங்களும் பட்டன. புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு வேறு கவலை. இத்தனை நாள் பழகிய கம்பைலர் இதில் ஓடுமா? அதில் எழுதி ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கும் மென்பொருள்களின் கதி என்ன? மாறித்தான் ஆக வேண்டுமென்றால் எதற்கு மாறுவது?

புதுசு புதுசோடு சேரும், பழசு தானாகக் கழியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. விஷுவல் ஸ்டூடியோ 2002, 2003 பதிப்புகளுக்கு விஸ்டாவில் ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்டே கைவிரித்தது. 2005 பதிப்பு ஓடும். ஆனால் முதலில் சர்வீஸ் பேக் போட வேண்டும், அதன்மேல் விஸ்டாவுக்கென்றே வந்த இன்னொரு அப்டேட்டையும் போட வேண்டும். 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6க்கோ ராஜ மரியாதை. அதில் எழுதியவை ஓடத் தேவையான ரன்டைம் கோப்பு விஸ்டாவுக்குள்ளேயே வந்தது. விஸ்டா இருக்கும்வரை அதற்கு ஆதரவு உண்டு என்ற உறுதியும் கூடவே வந்தது. நான்கு வயதுக் கருவி வாசலில் நிற்க, ஒன்பது வயதுக் கருவி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் அந்த விபி6ஐ அதற்குள் ஓரங்கட்டியாயிற்று. 2002இல் வந்த விபி டாட் நெட் பெயருக்குத்தான் வாரிசு. இன்டீஜரின் அளவே 16 பிட்டிலிருந்து 32 பிட்டாகியிருந்தது. கன்ட்ரோல் அரே காணாமல் போயிருந்தது. பழைய கோடை மாற்றித் தர ஒரு விசார்ட் கொடுத்தார்கள்; அது விட்டுவைத்த பிழைகளைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே மேல் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. 2005 மார்ச்சோடு விபி6இன் முதன்மை ஆதரவு முடிந்தபோது, மைக்ரோசாஃப்டே வல்லுநர் பட்டம் கொடுத்திருந்த பலர், பழைய விபியைத் தொடர வேண்டும் என்று கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கருவி திரும்பி வரவில்லை. ஆனால் அதில் எழுதியவை ஓடும் வழியை மட்டும் அடைக்கவில்லை. இன்றைய விண்டோஸ் 11இலும் அந்த ரன்டைம் இருக்கிறது.

ஏன் இந்தப் பாரபட்சம்? விபி6 தொழில்நுட்பத்தில் உசத்தி என்பதாலா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதன்மேல் சாய்ந்து நின்ற கூட்டம் பெரிது, அவ்வளவுதான். மருந்துக்கடை பில், சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டண ரசீது என்று சின்னச் சின்ன அலுவலகங்கள் எத்தனையோ அதில் எழுதிய புரோகிராம்களை வைத்துத்தான் பொழுதை ஓட்டின. புது விண்டோஸ் போட்ட மறுநாள் சம்பளப் பட்டியல் திறக்கவில்லையென்றால் கணக்கர் விபி6ஐத் திட்ட மாட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. விண்டோஸைத்தான் திட்டுவார்.

இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் பழையது. விண்டோஸ் 95 காலத்துக் கதை ஒன்றை, மென்பொருள் உலகைப் பற்றி எழுதும் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை: விட்டுக்கொடுத்த நினைவகத்தையே மறுபடி எடுத்துப் படித்தது. முந்தைய விண்டோஸில் அந்த இடத்தை வேறு யாரும் உடனே எடுத்துக்கொள்ளாததால் பிழைத்துக்கொண்டிருந்தது, 95இல் கவிழ்ந்தது. தப்பு விளையாட்டை எழுதியவருடையது. ஆனால் விண்டோஸ் குழு, ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காத தனி வழி ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. லினக்ஸ் கெர்னலிலும் இதுதான் சட்டம். கெர்னலில் செய்த மாற்றத்தால் பயனரின் புரோகிராம் நின்றால், அது கெர்னலின் குற்றம் என்பதில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆக, ஒரு கருவி புதிய இயங்குதளத்தில் ஓடுமா என்ற கேள்வியில் தொழில்நுட்பம் பாதிதான். மீதிப் பாதி, யாரோ ஒருவர் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை அவர் காப்பாற்றுவாரா, எதுவரை காப்பாற்றுவார், எதனால் காப்பாற்றுகிறார் என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறவர் கணிக்க வேண்டியிருக்கிறது.

வாக்கு மீறப்படுவதும் உண்டு. ஆப்பிள் 1994இல் மெக்கின்டாஷைப் பவர்பிசி சில்லுக்கு மாற்றியபோது, புது சில்லுக்கு ஏற்ற நல்ல கம்பைலரைக் கையில் கொடுத்தது மெட்ரோவெர்க்ஸ் என்ற வெளி நிறுவனம். அதன் கோட்வாரியர் இல்லாவிட்டால் அந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடந்திருக்காது. பதினொரு ஆண்டு கழித்து, 2005 ஜூனில், இன்டெல் சில்லுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். கோட்வாரியரில் எழுதுகிறவர்கள் முதலில் ஆப்பிளின் சொந்தக் கருவியான எக்ஸ்கோடுக்கு வர வேண்டும் என்று அதே மேடையில் சொன்னார். முதல் ஆற்றைக் கடத்திவிட்ட ஓடம் இரண்டாவது ஆற்றில் இறங்கவே இல்லை.

எக்ஸ்கோடுக்கு வந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? பழைய மெக் புரோகிராம்களைப் புதிய மெக் ஓஎஸ் எக்ஸுக்குக் கொண்டுவர ஆப்பிளே கார்பன் என்ற வழியைப் போட்டிருந்தது. 64 பிட்டிலும் அது வரும் என்றார்கள். 2007இல் வராது என்றார்கள். விளைவு, 2008இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்4 விண்டோஸில் 64 பிட்டில் ஓடியது, மெக்கில் ஓடவில்லை. அடோபி தன் கோடை ஆப்பிளின் இன்னொரு வழியான கோகோவுக்கு மாற்றி எழுதி, 2010இல் சிஎஸ்5 வந்த பிறகுதான் மெக்காரர்களுக்கு அது கிடைத்தது. அடோபியிடம் ஆளும் பணமும் இருந்தன. தனியாளாகக் கார்பனில் எழுதி வயிறு வளர்த்தவருக்கு அவை இல்லை.

வாக்குக் காப்பாற்றப்படும்போதுகூட, யாருக்காகக் காப்பாற்றப்படுகிறது என்பது தனிக் கேள்வி. விஸ்டாவில் விபி6 எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எக்ஸ்பி காலத்தில் எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் உட்கார்ந்தார்கள். கணக்கு மென்பொருள் எழுதியவர், ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்பையும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே போட்டிருப்பார். விஸ்டா அந்த ஃபோல்டரில் எழுத விடாது. விடாவிட்டால் பழைய புரோகிராம் நின்றுவிடுமே! அதனால் விஸ்டா ஒரு தந்திரம் செய்தது. எழுத வந்த கோப்பைச் சத்தமில்லாமல் நகலெடுத்து, அந்தந்தப் பயனரின் சொந்த இடத்தில், வர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டரில் வைத்தது. புரோகிராம், தான் பழைய இடத்திலேயே எழுதுவதாக நம்பிக்கொண்டிருந்தது.

ஒரே கணினியில் முதலாளிக்கு ஒரு லாகின், கணக்கருக்கு ஒரு லாகின் இருந்தால் என்ன ஆகும்? ஆளுக்கொரு பேரேடு. கணக்கர் காலையில் போட்ட பில் முதலாளியின் திரையில் இருக்காது. வாரக் கடைசியில் பழைய ஃபோல்டரைப் பத்திரமாக பேக்கப் எடுத்தால், அதில் இருப்பது விஸ்டாவுக்கு வந்த நாளில் உறைந்துபோன கணக்கு. எங்கேயும் எரர் மெசேஜ் கிடையாது. எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நின்றுபோன மென்பொருள் உடனே ஆளைக் கூப்பிட வைக்கும். இப்படி ஓடுகிற மென்பொருள் கணக்குத் தணிக்கை வரை காக்க வைக்கும்.

தமிழில் எழுத நினைத்தவர்களுக்கு அதே விபி6 இன்னொரு முகம் காட்டியது. விண்டோஸ் 2000 முதலே விண்டோஸில் தமிழ் யூனிகோடு இருந்தது. விபி6ம் உள்ளுக்குள் எழுத்துகளை யூனிகோடாகத்தான் வைத்திருக்கும். ஆனால் டெக்ஸ்ட் பாக்ஸிலோ லேபிளிலோ காட்டுகிற அந்தக் கணத்தில் அவற்றைப் பழைய ஆன்சி கோட் பேஜுக்கு மாற்றும். தமிழுக்கென்று அப்படியொரு கோட் பேஜை மைக்ரோசாஃப்ட் வைக்கவே இல்லை. டேட்டாபேஸில் ‘முருகன்’ என்று முழுதாக இருக்கும் பெயர் திரையில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். அந்தக் கருவியை விடாமல் தமிழ் வேண்டுமென்றவர்கள் டிஸ்கி, டாம், டாப் போன்ற எட்டு பிட் குறியீடுகளிலேயே தங்கினார்கள்; அவற்றில் தமிழ் எழுத்து, ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகளும் உட்காரும் இடங்களில் வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும். தமிழக அரசு யூனிகோடை நியமமாக ஏற்று 2010இல் ஆணையிட்ட பிறகு, அப்படிச் சேர்த்து வைத்த தரவையெல்லாம் உருமாற்ற வேண்டிவந்தது. டெல்ஃபி என்ற இன்னொரு கருவியிலும் இதே கதைதான். 2008இல் வந்த டெல்ஃபி 2009இல்தான் அதன் கன்ட்ரோல்கள் முழுக்க யூனிகோடுக்கு வந்தன. விபி6 ஓடும் என்று கொடுத்த வாக்குப் பொய்யில்லை. அந்த வாக்கில் நாம் இல்லை.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால், புதிய இயங்குதளத்துக்குக் கருவி தேடுகிறவர் வழக்கமாகப் போடும் பட்டியல் எவ்வளவு குட்டையானது என்பது தெரிகிறது. வேகம் எப்படி, விலை என்ன, படிக்கப் புத்தகம் கிடைக்குமா, எழுத ஆள் கிடைக்குமா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தக் கருவியைத் தொடர்ந்து வைத்திருப்பதால் அதைச் செய்தவருக்கு என்ன லாபம், அந்த லாபம் என்றைக்குத் தீரும், தீர்ந்த அன்று நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுக்கொண்டே செய்தவர்களும் இருக்கிறார்கள். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸை 2050 வரை தாங்குவோம் என்று அதை எழுதுகிறவர்கள் ஆண்டு போட்டே சொல்லியிருக்கிறார்கள். 2004இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் சேமித்த கோப்பு இன்றைக்கும் திறக்கும். எந்தச் சில்லிலும், எந்த இயங்குதளத்திலும் திறக்கும். ஆவணங்களை நீண்ட காலம் காக்கத் தகுந்த வடிவம் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பரிந்துரைக்கிறது. வெளியே எதையும் அதிகம் எதிர்பார்க்காமல் சி மொழியில் எழுதப்பட்டதும், கோப்பு வடிவம் எல்லாருக்கும் தெரியும்படி விவரிக்கப்பட்டிருப்பதும்தான் அந்த வாக்குக்கு முதல்.

ஆனால் கருவி செய்பவரின் வாக்கோடு விஷயம் முடியவில்லை. அவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். அவர்தான் புரோகிராம் எழுதியவர். மேலிருந்து ஒரு வாக்கை வாங்கிக்கொள்கிறார், கீழே ஒரு வாக்கைக் கொடுக்கிறார். இரண்டும் ஒரே அளவில்லை. மேலே வாங்கிய வாக்கு ஒரு மேடை அறிவிப்பில் முடிந்துபோகும். அதற்கு ஆதரவு முடியும் தேதி என்று ஒன்று உண்டு. கீழே கொடுத்த வாக்குக்குத் தேதி கிடையாது. மருந்துக்கடைக்காரர் ஐந்தாண்டு கழித்தும் அதே பில்லைத் தேடுவார், வரி அதிகாரி அதற்கு முந்தைய கணக்கைக் கேட்பார். அவர்கள் யாரும் விபியையோ கார்பனையோ தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தவருக்கு அது ஒரு மாலை நேரத்து யோசனை. தேர்ந்தெடுக்காதவர்களுக்கோ அது பல வருஷத்துத் தலைவிதி.

அதனால்தான், கருவி எதுவானாலும், அது இல்லாமல் போகும் நாளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தரவு அந்தக் கருவி இல்லாமலும் திறக்க வேண்டும். கணக்குப் போடும் விதி, பொத்தானுக்குப் பின்னால் புதைந்திராமல் தனியே எடுக்க வர வேண்டும். பயனரின் எழுத்து அவர் மொழியிலேயே, வேஷம் போடாமல் இருக்க வேண்டும். இவற்றைச் செய்து வைத்தவர் எந்தக் கருவியிலும் தைரியமாக எழுதலாம், ஏனென்றால் அது கைவிட்டாலும் அவரை நம்பியவர் கைவிடப்பட மாட்டார்.

ஒரு கருவி எத்தனை நாள் நிலைக்கும் என்பது நம் கையில் இல்லை. அதைச் செய்தவர் கையில்கூட முழுதாக இல்லை. தனக்குக் கிடைத்த வாக்கைவிடப் பெரிய வாக்கைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தன் உழைப்பால் நிரப்புவதுதான் நிரல் எழுதுகிறவரின் தொழில். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தெரிய வேண்டிய உண்மை, அந்த இடைவெளி எவ்வளவு என்பது மட்டும்தான்.